ஒதுங்க ஓர் இடம்

திருப்பாதிரிப்புலியூர்
9.6.2024

அன்பு மகள் அமிர்தத்துக்கு,

அப்பா அய்யனார் சொல்லச் சொல்ல டீக்கடை கலியமூர்த்தி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் இளவரசுவும் அண்ணி ஜான்சியும் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே மலையில் நீயும், பொள்ளாச்சி ஹாஸ்டலில் பேத்தி ரேகாவும் அப்படித்தான் இருக்கிறீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சும்மா மரியாதைக்குக் கேட்கவில்லை. போன வாரம் நெல்லிக்குப்பத்து லாரி டிரைவர் ஒருவன் கடைக்கு வந்தான். உங்கள் சங்குப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் உரமூட்டை இறக்கிவிட்டு வந்தவன். நான் அங்கே வேலை செய்தவன் என்று கேள்விப்பட்டதும், "அமிர்தம் உங்க பொண்ணா பெரியவரே? கொழுந்து மூட்டைய எறக்கி வெச்சிட்டு, ரோட்டோரமா அடிவயித்தப் புடிச்சிக்கினு குந்தியிருந்துது" என்றான். கலியமூர்த்தி அதை என் காதில் கத்திச் சொன்னான். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உனக்கு என்ன? இலை உருட்டுகிற மிஷின் என் காதைத் தின்றுவிட்டது. போனில் நீ பேசினால் எனக்கு இரைச்சல்தான். அதனால் எழுது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

உன் பதில் வரும்வரை வாசலைப் பார்த்திருக்கும்,
அப்பா.

*

சங்குப்பாறை எஸ்டேட், மேல் டிவிசன்
30.6.2024

அப்பாவுக்கு அமிர்தம் வணங்கி எழுதுவது. நானும் ரேகாவும் சுகம். உங்கள் முட்டிவலி இந்த வெயிலில் எப்படி இருக்கிறது? அண்ணன் ஆட்டோவுக்கு எப்.சி. எடுத்தாயிற்றா?

லாரிக்காரர் பார்த்தது நிஜம்தான். பெரிதாக ஒன்றுமில்லை அப்பா. இப்போது எங்களுக்குக் கொடுத்திருக்கிற தேயிலைக் காடு கம்பெனி லயன் வீட்டிலிருந்து வெகுதூரம். காலையில் ஏறினால் சாயந்தரம் எடை போட்ட பிறகுதான் இறங்க முடியும். அந்தக் காட்டில் ஒதுங்க ஓரிடம் கிடையாது. அதுதான் கஷ்டம். நான் காலையில் தண்ணீர் குடிக்காமலே போய்விடுகிறேன், அதனால் ஓரளவு சமாளிக்க முடிகிறது. எங்கள் செட்டில் மூத்தவர் பட்டம்மாள் அக்கா முதற்கொண்டு எல்லாப் பெண்களுக்கும் இதே பாடுதான்.

இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை. இதைச் சத்தமாக வாசிக்கும் கலியமூர்த்தி மாமாவுக்கும், டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கம்.

உங்கள் பிள்ளை,
அமிர்தம்.

*

திருப்பாதிரிப்புலியூர்
14.7.2024

மகள் அமிர்தத்துக்கு அப்பா எழுதுவது. முட்டிவலி இருக்கிறது. ஆட்டோவுக்கு எப்.சி. ஆயிற்று. வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிகிறது.

ஒதுங்க இடமில்லையா? ஆடி மழையில், அந்த மேல் காட்டில், பொம்பளைப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்க இடம் இல்லையா? ஆறாம் நம்பர் காட்டுத் தலைமாட்டில் இருந்த கல் கொட்டகை எங்கே? அது கம்பெனி தானாகக் கட்டியதல்ல. ஒரு ஆடி மாசம் கன்னியம்மாள் என்கிறவள் மரத்தடியில் நின்று இடி விழுந்து செத்தாள். மறுநாள் காலை ஒருத்தரும் பேர் கொடுக்க மஸ்டருக்குப் போகவில்லை. மேனேஜர் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, இன்னொருத்தன் குடை பிடிக்க வந்து நின்றான். "மழ பெய்யும்னு தெரிஞ்சுதானே வேலைக்கு வந்தீங்க?" என்றான். என் பக்கத்தில் நின்ற சுப்பிரமணியன், "செத்துப்போவோம்னு தெரிஞ்சு வரல தொர" என்றான். அடுத்த சித்திரைக்குள் கொட்டகை எழும்பியது. வாசல் கிழக்கே. உள்ளே வலப்பக்கச் சுவரில் என் மண்வெட்டி உரசிய கோடு இருக்கும், போய்ப் பார். அதை இடித்தவன் எவன்?

நீ தண்ணீர் குடிக்காமல் போகிறாய் என்றது எனக்குப் புரியவில்லை. கலியமூர்த்திதான், "மழையில நனையறவளுக்குத் தாகம் எங்க மச்சான் எடுக்கும்?" என்று விளக்கினான்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய், மனு எழுதுகிறவரைப் பிடித்தேன். மழைக்கு ஒதுங்க இடம் கேட்டு, தோட்டத் தொழிலாளர் இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, உங்கள் மேனேஜருக்கு ஒன்று, பதிவுத் தபாலில் போய்விட்டது. சட்டத்தில் இருக்கிறதைத்தான் கேட்கிறோம். பயப்படாதே.

கோபம் ஆறாத,
அப்பா.

*

சங்குப்பாறை
11.8.2024

அப்பாவுக்கு வணக்கம். அண்ணி அனுப்பிய முறுக்கு உடையாமல் வந்து சேர்ந்தது.

உங்கள் மனுவும் வந்து சேர்ந்தது. மஸ்டரில் வரிசையில் நிற்கும்போது மேனேஜர், "அய்யனார் மக யாரு?" என்று கேட்டார். முன்னால் போய் நின்றேன். "உங்கப்பாவுக்கு மழை மேல என்னம்மா கோவம்? அந்தக் கொட்டகை கூரை விழுந்து வருஷக்கணக்காச்சு. சரி, பெரியவர் ஆசையக் கெடுப்பானேன்" என்று சிரித்தார். மறுநாள் நீலத் தார்ப்பாய் ஒன்று வந்தது. நான்கு கம்பு நட்டு மேலே கட்டினார்கள். அதன் கீழ் எங்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போட்டோவுக்கு நிற்கும்போது பட்டம்மாள் அக்கா என் காதில் ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரிக்கச் சிரிக்க எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா சொன்னதை இங்கே எழுத முடியாது.

என்னை இப்போது இன்னும் மேலே, சோலைக்காட்டை ஒட்டின சரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். காய்ச்சல் வந்து வந்து போகிறது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. கம்பவுண்டர் கொடுக்கிற மாத்திரைதான். இனி மனு எதுவும் போட வேண்டாம் அப்பா. கெஞ்சிக் கேட்கிறேன்.

அமிர்தம்.

*

திருப்பாதிரிப்புலியூர்
25.8.2024

அமிர்தத்துக்கு அப்பா. நாங்கள் சுகம். காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் குடி.

கொட்டகை கேட்டோம், தார்ப்பாயாவது வந்ததா இல்லையா? கடிதம் வாசித்த அன்று கடையில் எல்லோருக்கும் என் செலவில் டீ. கலியமூர்த்தி மச்சான், "ஒத்தை மனுவுல கம்பெனிய ஆட்டி வெச்சிட்ட" என்றான். நீயோ கெஞ்சுகிறாய். இத்தனை பேர் நனையாமல் நிற்கிறீர்களே, அதற்கு ஒரு வார்த்தை உண்டா? சிரித்தார்களாம், எழுத முடியாதாம். உன் அம்மா முத்தம்மாள் அந்த மலையிலே ஒரு நாள் முனகினவள் கிடையாது. நீ ரோட்டோரம் உட்காருகிறாய், சரிவுக்கு மாற்றினால் அழுகிறாய். மாற்றியவன் மேல் வர வேண்டிய கோபம் உனக்கு என் மேல் வருகிறது.

மாற்றியவன் பெயரை எழுது. அடுத்த மனு அவனுக்கு.

அப்பா.

*

திருப்பாதிரிப்புலியூர்
22.9.2024

அமிர்தத்துக்கு. தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம் எழுது. என்மேல் கோபமென்றால் திட்டியாவது எழுது. கலியமூர்த்தி நன்றாகக் கத்தி வாசிப்பான்.

அப்பா.

*

பொள்ளாச்சி
29.9.2024

அன்புள்ள ஜான்சி அண்ணிக்கு,

அமிர்தம் எழுதுவது. அண்ணனும் நீங்களும் சௌக்கியமா? துணிக்கடையில் நாள் முழுக்க நின்று உங்கள் கால் வீங்குமே, குறைந்ததா? இது உங்களுக்கு மட்டும். இந்தக் கடிதம் டீக்கடைக்குப் போகக் கூடாது.

நான் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். ரேகா பக்கத்தில் இருக்கிறாள். சிறுநீரகத்தில் சீழ் பிடித்து, ஒரு பக்கம் சுருங்கிவிட்டதாம். "எவ்வளவு நாளா அடக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். என்ன சொல்ல? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்றேன்.

ஒதுங்க இடமில்லை என்று நான் எழுதியது மழைக்கு அல்ல அண்ணி. எங்கள் மலையில் பெண்கள் ஒன்றுக்குப் போவதை ஒதுங்குவது என்றுதான் சொல்லுவோம். தேயிலைச் செடி இடுப்பளவுதான். மேலே ரோட்டில் சூப்பர்வைசர் நிற்பான், கீழே மருந்தடிக்கிற ஆண்கள். சோலை ஓரம் போனால் சிறுத்தை. போன வருஷம் அப்படிப் போன ஒருத்தியைக் கழுத்தைக் கவ்வி இழுத்தது. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்வது. அந்தத் தார்ப்பாயின் கீழ் நிற்கும்போது பட்டம்மாள் அக்கா சொன்னது இதுதான்: "உங்கப்பன் மேல மறைச்சிட்டாரு, கீழ எப்ப மறைப்பாரு?"

அப்பாவிடம் இதை எப்படி எழுதுவேன்? ஊர் கூடி நிற்கிற கடையில் கலியமூர்த்தி மாமா வாயால் கத்தப்படுமே.

இனிமேல் அடக்கவே கூடாது, அடக்கினால் மறுபக்கமும் போய்விடும், அப்புறம் உயிருக்கு உத்தரவாதமில்லை என்கிறார்கள். வேலையை விட்டால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரேகாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு. திரும்பவும் அந்தச் சரிவுக்குத்தான் போக வேண்டும். அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் நாத்தனார்,
அமிர்தம்.

*

திருப்பாதிரிப்புலியூர்
13.10.2024

அமிர்தத்துக்கு ஜான்சி. கர்த்தர் உன் பக்கத்தில் இருக்கட்டும். உன் அண்ணன் அடுத்த வாரம் வருகிறார். கஞ்சிப் பொடி கொடுத்தனுப்புகிறேன்.

நீ சொல்லாதே என்றாய். நான் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள். ஒரு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தார், என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டில் சொன்னால் தெருவுக்கே கேட்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அலைச் சத்தத்தில் மாமா காதில் கத்தினாலும் அடுத்தவருக்குக் கேட்காது.

"மாமா, அமிர்தம் ஒதுங்கறதுன்னு எழுதுனது மழைக்கு இல்ல!" என்றேன்.

"பின்ன வெயிலுக்கா?"

"ஒண்ணுக்குப் போறதுக்கு மாமா! ஒண்ணுக்கு!"

"அதுக்குக் கொல்லைக்குப் போறதுன்னுதானே சொல்லுவோம்?"

"அது நம்ம ஊர்ல. மலையில பொம்பளைங்க அப்படித்தான் சொல்லுவாங்களாம்."

"முப்பது வருசத்துக்கு மேல இருந்தேன், நான் கேட்டதில்லியே."

"உங்ககிட்ட எவ மாமா வந்து சொல்லுவா?"

பிறகு ஆஸ்பத்திரியைச் சொன்னேன். சுண்டல் விற்கிறவன் பக்கத்தில் வந்து நின்றான். மாமா அவனைப் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டான். என் வாயும் சும்மா இருக்கவில்லை. "அத்தை அந்த மலையில எங்க மாமா ஒதுங்குனாங்க?" என்று கேட்டுவிட்டேன். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அலையில் கேட்கவில்லையோ என்னவோ. நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பஸ்ஸில் ஏறும்போது மட்டும், "நாளைக்கு லீவு போடு" என்றார்.

உன் அண்ணி,
ஜான்சி.

*

திருப்பாதிரிப்புலியூர்
27.10.2024

மகளுக்கு அப்பா எழுதுவது. எழுதுகிற கை ஜான்சியுடையது. இனி உன் கடிதம் கடைக்குப் போகாது. நீ எழுந்து உட்காருகிறாய், கஞ்சி இறங்குகிறது என்று இளவரசு வந்து சொன்னான்.

மறுபடியும் அந்த மனு எழுதுகிறவரிடம் போனேன். ஜான்சி விஷயத்தைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் காதில் கத்தினார்: "பெரியவரே, இயற்கை உபாதைன்னு போடலாம். கண்ணியமா இருக்கும்."

"போன தபா கண்ணியமா எழுதித்தான்யா தார்ப்பாய் வந்துது" என்றேன். "உபாதை எல்லாம் மேனேஜர் ஊட்டுக்கு வரும். இவுங்களுக்கு வர்றது மூத்திரம். அப்படியே எழுது."

"அந்த வார்த்தை வாணாம் பெரியவரே!"

"எந்த வார்த்தை?" என்று நான் கத்த, அவர் கத்த, மனுவோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் இங்கேயே பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரம்மா வந்து என்ன தகராறு என்று கேட்டாள். ஜான்சி சொன்னாள். அந்தம்மா மனு எழுதுகிறவரைப் பார்த்து, "காலைல ஆறு மணிலேருந்து பந்தோபஸ்துல நிக்கிறேன் சார். அவரு சொல்றத எழுதுங்க" என்றாள். எழுதினார்.

வேலை செய்யும் பெண்கள் மூத்திரம் பெய்ய இடமில்லாமல் அடக்கி அடக்கிச் சாகிறார்கள். காட்டுக்குக் காடு கதவு வைத்த கக்கூஸ் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆஸ்பத்திரியில் டாக்டர் வேண்டும் என்று எழுதச் சொன்னேன். உன் நோயைச் சொல்லவில்லை. உன் பெயரும் இல்லை.

கொழுந்தை எடை போட்டு, ஒரு இலை முற்றினால் கழித்துக்கொள்ளத் தெரிகிறது. செடிக்கு எந்த மாசம் என்ன உரம், எத்தனை மழை என்று தெரிகிறது. நாயைக் கட்டிப்போட்டால்கூட மூத்திரத்துக்கு அவிழ்த்துவிடுவான் மனுசன். இவன்கள் காலையிலிருந்து சாயந்தரம் வரை பொம்பளைகளை மலையில் நிறுத்திவிட்டு, அவர்களுக்கு வயிறு ஒன்று இருப்பதையே கணக்கில் எடுக்கவில்லை. நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ தண்ணீர் குடி. வந்தால் அந்தச் சரிவிலேயே உட்கார். பார்க்கிறவன் கண் அவிந்து போகட்டும்.

அப்பா.

*

சங்குப்பாறை
19.1.2025

அப்பாவுக்கும் அண்ணிக்கும் அமிர்தம். பொங்கல் நல்லபடி போனதா? எனக்கு உடம்பு பரவாயில்லை. டிசம்பரிலிருந்து வேலைக்குப் போகிறேன். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. நடப்பது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் மனு நவம்பரில் வந்தது. எங்களை வெட்கப்பட வைப்பதற்காக மேனேஜர் அதை மஸ்டரில் வாசிக்கச் சொன்னார். சூப்பர்வைசர் வாசித்தான். அந்த வார்த்தை வந்ததும் ஆண்கள் சிரித்தார்கள். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன். "அய்யனாருக்கு இந்த வயசுல பேச்சு பார்த்தீங்களா? இந்த அசிங்கத்தை உங்கள்ல யாராவது கேட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

பட்டம்மாள் அக்கா கொழுந்துக் கூடையைக் கீழே வைத்தாள். "கேட்கத் தெரியாம இருந்தோம். இப்ப தெரிஞ்சிருச்சு. நான் கேக்குறேன்" என்றாள். "மூத்திரம் போக எடம் குடுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி கூடையை வைத்தாள். அப்புறம் எல்லோரும். ஆண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று யாரும் காடு ஏறவில்லை. எனக்கும் வாய் வந்தது அப்பா. நானும் சொன்னேன், சத்தமாக.

டிசம்பரில் இன்ஸ்பெக்டர் அம்மா வந்து மேலே வரை ஏறிப் பார்த்தார்கள். பொங்கலுக்கு முன்னால் எங்கள் காட்டில் கக்கூஸ் கட்டிவிட்டார்கள். ஓடு போட்டு, தண்ணீர்த் தொட்டி வைத்து, கதவு வைத்து. போட்டோவும் எடுத்தாயிற்று.

கதவுக்குப் பூட்டும் போட்டிருக்கிறார்கள். சாவி சூப்பர்வைசர் பாக்கெட்டில். வேண்டுமென்றால் அவனைத் தேடிப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். "நாள் முழுக்க அங்கயே உக்காந்துக்கிட்டா கொழுந்த யாரு எடுக்கிறது?" என்கிறான். முதல் நாள் நான் கேட்டபோது, "இப்பத்தானே போன?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். மற்றவர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். என்னால் விட முடியாது, தெரியுமே. ஆனால் நேற்று அடக்கிக்கொண்டேன். ராத்திரி காய்ச்சல் வந்தது.

பூட்டைப் பற்றி மனுவில் என்னவென்று எழுதுவது அப்பா?

அமிர்தம்.

*

திருப்பாதிரிப்புலியூர்
27.1.2025

மகளுக்கு அப்பா. எல்லோரும் சுகம். உன் காய்ச்சல் என்ன ஆயிற்று என்று ஜான்சிக்குப் போன் போட்டுச் சொல். அவள் எனக்குச் சொல்லுவாள்.

பூட்டுக்கு மனு கிடையாது.

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற கத்தி உங்கள் லயனில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். அதன் பின்பக்கம் பூட்டுக்குப் போதும். நீ தனியாகப் போகாதே. ஒருத்தி உடைத்தால் அவளை நிறுத்திவிட்டு வீட்டைப் பிடுங்குவான். எல்லோரும் போங்கள். பட்டம்மாள் ஒரு அடி, நீ ஒரு அடி, ஆளுக்கு ஒரு அடி. கையில் தெம்பில்லாதவள் தொட்டுவிட்டாவது வரட்டும். வெளிப்பூட்டு போனதும் உள்ளே ஒரு தாழ்ப்பாள் அடித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்கிறதும் மூடுகிறதும் உள்ளே இருக்கிறவள் கையில்தான் இருக்க வேண்டும்.

அப்படியும் வீட்டைக் கேட்டால் சாமானைக் கட்டிக்கொண்டு இங்கே வா. ரேகா படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இளவரசு சொல்லிவிட்டான். நான் கேட்டு அவன் சொல்லவில்லை, அவனாகத்தான் சொன்னான்.

யார் உடைத்தது என்று மஸ்டரில் கேட்பான். ஒருத்தரும் தலையைக் குனிய வேண்டாம். அய்யனார் உடைத்தான் என்று சொல்லுங்கள். சம்பளத்துக்கு மாசாமாசம் உருட்டிய என் கைநாட்டு அவன் ஆபீசில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. எடுத்துப் பூட்டோடு வைத்து ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா.